பெரிய திரையில் மகனின் திருமணம்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். அந்த அம்மாவின் மகன் கனடாவில் இருக்கிறார். திருமணத்துக்குப் போக இவரால் முடியவில்லை. ஒளிப்பதிவை யூரியூப்பில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். கண்புரை உள்ள அம்மாவுக்குக் கைத்தொலைபேசியில் மருமகளின் முகமே பிடிபடவில்லை. "பிள்ளை, இதை ரீவீயில போட ஏலாதோ?" என்று கேட்டார்.

ஏலும். அதற்காகப் புதிய ஸ்மார்ட் ரீவீ வாங்க வேண்டியதில்லை. உங்கள் தொலைக்காட்சியின் பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ என்று எழுதிய தட்டையான துளை இருந்தால், அதில் செருகும் சிறு கருவி ஒன்று போதும். வைஃபை இல்லாத வீட்டில் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் அது இயங்கும். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என மூன்று வட்டத் துளைகள் மட்டும் உள்ள பழைய பெட்டியானால், இடையில் ஒரு மாற்றி தேவை. "எச்.டி.எம்.ஐயிலிருந்து ஏ.வி.க்கு" என்று கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கமாக மாற்றுவதும் அதே தோற்றத்தில் விற்கிறது. நான் ஒருமுறை அதை வாங்கிவந்து விழித்தவள்.

2013இல் கூகிளின் குரோம்காஸ்ட் 35 டொலருக்கு வந்தபோது இவ்வகைக் கருவிகள் எளியவர் கைக்கும் எட்டத் தொடங்கின. 2024இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அமேசன், ஷாவோமி போன்றவற்றின் கருவிகள் இருக்கின்றன.

என் கவலை, பெயரே இல்லாத மலிவுப் பெட்டிகளைப் பற்றியது. "எல்லாச் சனலும் இலவசம்" என்று சொல்லி விற்பார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ இவற்றைப் பற்றி எச்சரித்தது. சில பெட்டிகளில் விற்பனைக்கு முன்பே தீய மென்பொருள் புகுத்தப்பட்டிருந்தது. மற்றவற்றில் அது முதன்முதல் இயக்கும்போது நுழைந்தது. அடுத்த மாதம் கூகிள் தொடுத்த வழக்கில், அவ்வாறு கெட்டுப்போன கருவிகள் ஒரு கோடிக்கு மேல் என்று கூறப்பட்டது. குற்றவாளிகள் உங்கள் வீட்டு இணைப்பின் வழியாகத் தங்கள் வேலையைச் செய்வார்கள். தடயமோ உங்கள் இணைப்பைத்தான் காட்டும். விசாரணை என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு பதறுகிற எங்களுக்கு இது தேவைதானா? பிளே புரொடெக்ட் பாதுகாப்பை நிறுத்தச் சொல்லும் பெட்டியை, வெளிநாட்டு உறவினர் அன்பாக அனுப்பியதானாலும், இணைக்காதீர்கள்.

தரவுச் செலவும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கின்படி, சாதாரணத் தெளிவில் ஒரு மணித்தியாலத்துக்கு 1 ஜீ.பி. வரை, உயர் தெளிவில் 3 ஜீ.பி. வரை போகும். யூரியூப்பில் 480 என்று குறைத்து வையுங்கள். பழைய பெட்டியில் வித்தியாசம் தெரியாது. பிள்ளைகளுக்கு ஈ-தக்சலாவ பாடங்களையும் இப்படியே காட்டலாம்.

அடுத்த முறை மாற்றியையும் கருவியையும் கொண்டு போனேன். மகள்தான் எல்லாவற்றையும் பொருத்தினாள். தாலி கட்டும் இடத்தை அம்மா மூன்று தரம் போடச் சொன்னார். பிறகு எழுந்து திரைக்குக் கிட்டப் போய், மருமகளின் கையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் காப்பு நான் இடம்பெயரேக்க மண்ணுக்க தாட்டு வைச்சு எடுத்தது, பிள்ளை."