மெயின் சுவிட்ச் ஏன் விழுகிறது?

பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ‘டப்’பென்று ஒரு சத்தம், வீடு இருண்டு போகிறது. சுவிட்சைத் தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அநேகமாக அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

முதலில் மின்பெட்டியில் விழுந்தது எது என்று பாருங்கள். சின்ன சுவிட்ச் ஒன்று விழுந்திருந்தால், அந்த லைனில் பாரம் அதிகம், அல்லது கம்பிகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. 2000 வாட் கெட்டிலும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தாலே சுமார் 13 ஆம்பியர். அதே நீட்டு வயரில் ரைஸ் குக்கரையும் சொருகினால் தாங்குமா?

‘டெஸ்ட்’ பொத்தான் உள்ள அகலமான சுவிட்ச் விழுந்திருந்தால் விஷயம் வேறு. உள்ளே போன மின்சாரம் முழுதும் திரும்பி வரவில்லை; எங்கோ கசிகிறது. அந்தக் கசிவு உங்கள் பிள்ளையின் உடம்பு வழியாகவும் போகலாம். 30 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியே பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. ஆகவே, விழுகிறதே என்று அதைத் தாண்டி நேராக வயர் கொடுக்கச் சொல்லாதீர்கள். ‘தெரிந்த பையன்’ செய்து தருவான். ஆபத்து உங்கள் வீட்டோடு தங்கிவிடும்.

கையைத் துடைத்துக்கொண்டு, காலில் செருப்போடு நின்று, சின்ன சுவிட்சுகளை எல்லாம் இறக்குங்கள். அகலமானதைத் தூக்குங்கள். அப்போதும் நிற்காவிட்டால் அதோடு விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நின்றால், சின்னவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கோளாறு அந்த லைனில். அதிலுள்ள பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். உருவத்தான் வேண்டும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்தால் பெரும்பாலும் ஒரு கம்பிதான் துண்டிக்கப்படும். மற்றது சாமானோடு ஒட்டியே இருக்கும்.

தண்ணீரும் சூடும் சேரும் சாமான்களையே முதலில் சந்தேகியுங்கள்: குளியலறை ஹீட்டர், கெட்டில், துணி துவைக்கும் இயந்திரம். நேரங்காலம் இல்லாமல் விழுகிறதா? பிரிட்ஜைப் பாருங்கள். தானே பனி உருக்கும் பிரிட்ஜின் ஹீட்டர் இடையிடையேதான் ஓடும். அதில் கசிவு இருந்தால் நடுச்சாமத்திலும் விழவைக்கும்.

இடி மழையின்போது ஒருமுறை விழுந்து, தூக்கியதும் நின்றுவிட்டால் பயமில்லை. மழை பெய்யும்போதெல்லாம் விழுந்தால், கூரை ஒழுகி வயரிங் நனைகிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது நம் வேலையல்ல; எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனின் வேலை. எந்தச் சுவிட்ச், எந்த நேரம், எதைச் சொருகியபோது விழுந்தது என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள்; அவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குக் காசு மிச்சம். அந்த ‘டெஸ்ட்’ பொத்தானையும் மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழாத சுவிட்சை உடனே மாற்றச் சொல்லுங்கள்.