பகலில் இல்லாத கேபிள்

பகல் பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் மின் கேபிள் எதுவும் இல்லை. இரவு ஏழு மணிக்கு இருந்தது.

எனக்குத் தெரிந்த சர்வேயர் ஒருவர், வேலைக்குச் சேர்ந்த புதிதில் தான் வாங்கிய முதல் அடி என்று இதைச் சொன்னார். கையில் கேபிள் தேடும் லொக்கேட்டர் கருவியைப் பிடித்தபடி நடைபாதை ஓரமாக முழுத் தெருவையும் நடந்து முடித்திருக்கிறார். கருவி வாயே திறக்கவில்லை. தாளில் ‘கேபிள் இல்லை’ என்று எழுதப் போனவரை உடனிருந்த மூத்தவர் தடுத்தார். “தம்பி, லைட்டு எரியட்டும். அப்புறம் எழுது.” பொழுது சாய்ந்தது, தெருவிளக்குகள் எரிந்தன. காலையில் ஊமையாக இருந்த அதே இடத்தில் கருவி கத்தத் தொடங்கியது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கம்பியில் மின்சாரம் ஓடினால்தான் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். நம் வீட்டுக்கு வரும் மாறுமின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். மண்ணுக்குள் கிடக்கும் கேபிளிலிருந்து எழும் அந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை லொக்கேட்டருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் உணர்ந்து ஒலியாக்குகிறது. பகலில் விளக்கு எரியாது. ஓட்டம் இல்லை, ரீங்காரமும் இல்லை. மூன்று ஃபேஸ் கேபிளில் சுமை சமமாகப் பங்கிடப்பட்டிருந்தால் ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும். தொட்டால் ஆளைக் கொல்லும் கேபிள்கூடச் சாதுவாகத் தெரியும். அதனால்தான் ‘ஜென்னி’ என்று அழைக்கப்படும் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அது 33 கிலோஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்ணில் கேபிளுக்குள் தானே ஒரு குறிப்பொலியை ஏற்றும். லொக்கேட்டர் அந்தக் குரலைப் பின்தொடர்ந்து போகும்.

நிலத்தடிக் குழாய்களையும் கேபிள்களையும் தோண்டாமலே கண்டுபிடித்து வரைபடமாக்கும் இந்தத் தொழிலுக்குச் சைட்டில் ‘யுட்டிலிட்டி சர்வே’ என்றுதான் பெயர். குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மழைநீர் வடிகால், ஈ.பி. கேபிள், டெலிபோன், ஓ.எஃப்.சி. எனும் ஒளியிழைக் கேபிள், இப்போது சில பகுதிகளில் எரிவாயுவும். ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒவ்வொரு துறைக்கும் ஒரு வரைபடம். எல்லாம் சேர்ந்து கிடப்பதோ ஒரே மண்ணில். ஒருங்கிணைப்பில்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசே சொல்கிறது. தோண்டுபவரையும் குழாய்க்கு உரியவரையும் முன்கூட்டியே பேசவைக்க 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியையும் தொடங்கியது. செயலி நல்லதுதான். ஆனால் உரியவருக்கே தன் குழாய் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? சர்வேயருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

லொக்கேட்டருக்கு உலோகம் வேண்டும். பிவிசி, எச்டிபிஇ போன்ற பிளாஸ்டிக் குழாய்கள் அதன் காதில் விழா. அவற்றுக்குத்தான் ஜிபிஆர் எனப்படும் நிலம் ஊடுருவும் ரேடார். புல்வெட்டும் இயந்திரம் போன்ற ஒரு தள்ளுவண்டி, அடியில் ஆண்டெனா, கைப்பிடியில் திரை. ஆண்டெனா மண்ணுக்குள் ரேடியோ துடிப்புகளை அனுப்பும். மண்ணின் மின்பண்பு சட்டென்று மாறும் இடத்தில் துடிப்பின் ஒரு பகுதி எதிரொலியாகத் திரும்பும். நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் மண்ணடுக்குகளைப் பார்ப்பதும் இதே வகை ரேடாரால்தான்.

திரையில் குழாயின் படம் தெரியும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். தெரிவது கவிழ்த்துவைத்த வாணலி போன்ற ஒரு வளைவு. வண்டி குழாய்க்கு நேர் மேலே வருவதற்கு முன்பே துடிப்பு சாய்வாகப் போய்க் குழாயைத் தொட்டுத் திரும்பிவிடுகிறது. தூரம் அதிகம் என்பதால் எதிரொலி தாமதமாக வரும். நெருங்க நெருங்கத் தாமதம் குறையும், கடந்த பிறகு மீண்டும் கூடும். வாணலியின் உச்சிதான் குழாயின் இடம். மரவேரும், புதைந்த பாறாங்கல்லும் இதே வளைவைக் காட்டக்கூடும். இணையாக நாலைந்து தடவை வண்டியைத் தள்ளி, வளைவு ஒரே கோட்டில் தொடர்கிறதா என்று பார்த்த பிறகுதான் ‘குழாய்’ என்று சொல்ல வாய் வரும்.

ஆழம் சொல்வது இதைவிடச் சிக்கல். கருவி அளப்பது தூரத்தை அல்ல, நேரத்தை. எதிரொலி 20 நானோ நொடியில் திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த மணலில் அலை நானோ நொடிக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் ஓடும். போக 10, வர 10. ஆகவே குழாய் ஒன்றரை மீட்டர் ஆழத்தில். நீர் ஊறிய மண்ணில் அதே அலை 6 சென்டிமீட்டர்தான் ஓடும். அப்போது குழாய் வெறும் 60 சென்டிமீட்டரில்! எதிரொலி ஒன்றே, விடை இரண்டு. இரண்டாவது விடை உண்மையாக இருக்கும் இடத்தில் முதலாவதை நம்பி ஜேசிபியை இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே திறந்து பார்க்கக்கூடிய ஒரு சேம்பரில் குழாயின் ஆழத்தை நாடாவால் அளந்து, அதைக் கொண்டு அந்த மண்ணுக்கான வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறார்கள்.

சென்னையில் இந்தத் தொழில் செய்பவருக்கு மண் மாதிரி ஆசான் கிடையாது. அடையாறு, திருவான்மியூர்ப் பக்கம் கடலோர மணல். ரேடாருக்குக் கொண்டாட்டம், உப்புநீர் ஏறாத வரைக்கும். தி.நகர், அண்ணா நகர்ப் பக்கம் களிமண். ஈரக் களிமண் மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும் மண் ரேடார் அலையை விழுங்கிவிடும். மணலில் இரண்டு மூன்று மீட்டர் வரை பார்க்கும் அதே வண்டி, மழைக்காலக் களிமண்ணில் ஒரு மீட்டரைத் தாண்டுவதே பெரும்பாடு. தி.நகர் ஒரு காலத்தில் ஏரி என்பது வரலாற்று ஆர்வலர்களுக்குச் சுவையான செய்தி. அங்கே வண்டி தள்ளுபவருக்கோ அது அன்றாடத் தலைவலி.

கருவி கைவிடும் இடத்தில் மனிதர்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள்! நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயோடு நடப்பவரை நம் ஊரில் பார்த்திருப்போம். 2017இல் பிரிட்டனின் 12 பெரிய தண்ணீர் நிறுவனங்களில் 10, தங்கள் ஊழியர்களில் சிலர் இன்னும் வளைந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு குழாய் தேடுவதாக ஒப்புக்கொண்டன. அந்த முறை வேலை செய்கிறது என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. அதே நாட்டில்தான் ஏழு நொடிக்கு ஒரு பள்ளம் தோண்டப்படுகிறது என்றும், ஆண்டுக்குச் சுமார் 60,000 முறை குழாயோ கேபிளோ தவறுதலாக அடிபடுகிறது என்றும் அரசு சொல்கிறது.

அடிபடுவது மட்டும்தான் ஆபத்து என்றில்லை. தைவானின் காவ்சியோங் நகரில் 2014 ஜூலை 31 அன்று இரவு ஒன்பது மணிவாக்கில் தெருவில் வாயு நெடி வீசுவதாகத் தகவல் வந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். கசிவது என்ன வாயு, யாருடைய குழாய் என்று மூன்று மணி நேரமாகத் தேடியும் உறுதிசெய்ய முடியவில்லை. நள்ளிரவுக்குச் சற்று முன் சாலைகள் வரிசையாக வெடித்துப் பிளந்தன. 32 பேர் இறந்தார்கள், அவர்களில் தீயணைப்பு வீரர்களும் உண்டு. காயமடைந்தவர்கள் 300 பேருக்கு மேல். கசிந்தது புரோப்பிலீன். அதைக் கொண்டுபோன குழாய், பல ஆண்டுகளுக்கு முன் கட்டிய மழைநீர் வடிகாலுக்குள்ளே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணின் பாதுகாப்பை இழந்து, ஈரக்காற்றில் வருடக்கணக்காகத் துருப்பிடித்திருந்தது. குழாய்க்காரர்கள் வடிகாலைப் பார்க்கவில்லை. வடிகால்காரர்கள் குழாயைப் பொருட்படுத்தவில்லை. எந்தக் குழாய், யாருக்குரியது, எதன் குறுக்கே போகிறது என்று ஒரே தாளில் இருந்திருந்தால் அந்த மூன்று மணி நேரம் வேறு மாதிரி கழிந்திருக்கும்.

அப்படி ஒரு தாளை எப்படித் தயாரிப்பது என்பதற்கு பிரிட்டனில் 2014இல் பாஸ் 128 என்ற விதிமுறை வந்தது. என் கண்ணுக்கு அதில் அழகாகப்படுவது, அது சர்வேயரிடம் கேட்கும் நேர்மை. ஒவ்வொரு கோட்டுக்கும் நம்பகத்தன்மையின் தரம் எழுத வேண்டும். பழைய வரைபடத்தைப் பார்த்து வரைந்தது டி. களத்தில் மேன்ஹோல் மூடி, வால்வு போன்ற அடையாளங்களோடு ஒப்பிட்டது சி. கருவியால் கண்டது பி. நேரில் கண்ணால் பார்த்தது மட்டுமே ஏ. பி-யின் கடைசிப் படியாக பி4 என்று ஒன்று: ‘இருக்க வேண்டும், ஆனால் கருவிக்கு அகப்படவில்லை.’ அகப்படாததையும் வரைபடத்தில் குறித்தாக வேண்டும். தெருவிளக்குக் கேபிளை ‘இல்லை’ என்று எழுதப் போன இளைஞர் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

இந்த நேர்மைக்குப் பொருளாதார மதிப்பும் உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைத் துறைக்காக பர்டியூ பல்கலைக்கழகம் 71 திட்டங்களை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட அறிக்கை, இத்தகைய ஆய்வுக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலரும் 4.62 டாலரை மிச்சப்படுத்தியது என்றது. சிங்கப்பூரில் மண் தோண்டும் முன் உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவரை அமர்த்துவது சட்டம்.

இந்தத் தொழிலில் சேர விரும்புவோருக்குக் கதவுகள் பல. பத்தாவது முடித்தவர்களுக்கு ஐடிஐயில் இரண்டாண்டு சர்வேயர் பிரிவு, பாலிடெக்னிக்கில் சிவில், பட்டப்படிப்பில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், முதுகலையில் புவி இயற்பியல். கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794இல் ஒரு சர்வே பள்ளியாகப் பிறந்ததுதான். ஆனால் ரேடார் திரையைப் படிக்கும் கண் வகுப்பறையில் கிடைப்பதில்லை. ஆயிரக்கணக்கான வாணலிகளைப் பார்த்துத்தான் வரும். வேலையும் சொகுசானதல்ல. போக்குவரத்து அடங்கிய பிறகு இரவில் நடக்க வேண்டும், ஒரு நாளில் பல கிலோமீட்டர் வண்டி தள்ள வேண்டும். கழிவுநீர் மேன்ஹோலுக்குள் எட்டிப் பார்ப்பதற்குக்கூட வாயுமானி வேண்டும். இறங்கவே கூடாது, கேமராவை இறக்கினால் போதும்.

முதலில் சொன்ன அந்தச் சர்வேயர் நண்பரோடு ஓர் இரவு நானும் போயிருந்தேன். திரையில் கண்ட ஒரு வளைவைச் சரிபார்க்கச் சோதனைக் குழி தோண்டினார்கள். கடப்பாரை இல்லை, மண்வெட்டி மட்டும். கடைசி ஒரு சாண் மண்ணை ஒருவர் கையாலேயே அள்ளினார். கனத்த வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று வெளிப்பட்டது. கொண்டுபோயிருந்த எந்த வரைபடத்திலும் அது இல்லை. “யாரோடது சார் இது?” என்று குழிக்குள்ளிருந்து கேட்டார் தோண்டியவர். நண்பர் குனிந்து நாடாவை வைத்து அளந்தார். ஆழம், விட்டம், போகும் திசை, தரம் ஏ என்று எழுதினார். உரிமையாளர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு, குழியை மூடச் சொன்னார்.