உங்களுக்குத் தெரியுமா? பாத்திக்குள் பல கோடி உயிர்கள்

● முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணம் 'ஜியோஸ்மின்' என்ற பொருள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் முதலான மண் நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. நன்றாக மட்கிய தொழுவுரத்திலும் இந்த மணம் வரும். சாண வாடை போகவில்லை என்றால் உரம் இன்னும் மட்கவில்லை. காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கிடைத்ததும் இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்துதான்.

● தட்டைப்பயறுச் செடி ஒன்றை மெல்லப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நிறத்தைத் தருவது நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம். பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் வேலை நடக்கவில்லை. வேர்முடிச்சிலிருந்து இந்த நுண்ணுயிரை 1888இல் பிரித்தெடுத்தவர் நெதர்லாந்தின் மார்டினஸ் பெயரிங்க்.

● எல்லா முடிச்சும் நல்ல முடிச்சல்ல. ரைசோபியம் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தள்ளினால் உதிரும். தக்காளி, கத்தரி, வெண்டையில் வேரே வீங்கி, தள்ளினாலும் உதிராமல் இருந்தால் அது நூற்புழுவின் வேலை. அந்தப் புழுவின் முட்டைகளைத் தாக்கி அழிக்கும் பூஞ்சையும் மண்ணில் உண்டு: பர்பூரியோசிலியம்.

● நாற்றழுகலை உண்டாக்கும் பூஞ்சையைச் சுற்றி வளைத்து உண்பது இன்னொரு பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைத்தால், முளைக்கும்போதே காவல் கூட வரும்.

● வெங்காயத்தின் வேர் குட்டை, வேர்த்தூவிகளும் குறைவு. எட்டாத இடத்து மணிச்சத்தை அதற்குக் கொண்டுவந்து தருவது 'வேம்' என்னும் வேர்ப் பூசணம். ஆனால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவை இந்தப் பூசணத்தோடு கூட்டுச் சேர்வதில்லை. அவற்றுக்கு வேம் வாங்கிப் போடுவது வீண் செலவு.

● அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரத்தை விதையில் ஒட்டவைக்க, ஆறிய வடிகஞ்சி போதும். விதையை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர் செத்துவிடும்.

● முட்டைக்கோஸ் புழுவைக் கொல்லும் 'பிடி' பாக்டீரியா, 1901இல் ஜப்பானில் நோயுற்ற பட்டுப்புழுக்களில் கண்டறியப்பட்டது. அதன் நச்சு, புழுவின் காரத்தன்மையுள்ள குடலில்தான் கரைந்து வேலை செய்யும். வெயிலில் வீரியம் குறையும் என்பதால் மாலையில் தெளியுங்கள். பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் மட்டும் வேண்டாம். பட்டுப்புழுவுக்கும் அது எமன்.

● 200 லிட்டர் ஜீவாமிர்தக் கரைசலில் 10 கிலோ சாணத்தோடு 2 கிலோ வெல்லமும் 2 கிலோ பயறு மாவும் எதற்கு? அவை நுண்ணுயிர்களின் சாப்பாடு. ரசாயனம் படாத வரப்பு மண் ஒரு கைப்பிடி போடுவது, பாலுக்கு உறைமோர் ஊற்றுவது போல.

● உயிர் உரப் பொட்டலத்தில் இருப்பது உயிர். காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். ரசாயன உரத்தோடு கலக்காமல், மட்கிய தொழுவுரத்தோடு கலந்து ஈர மண்ணில் இட்டு, மேலே இலைதழை மூடாக்குப் போடுங்கள். காய்ந்த மண்ணில் பட்டினி கிடக்கும் நுண்ணுயிர், செடிக்குச் சோறு போடாது.