சிறுதேரும் அமெரிக்கக் காரும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியில் நிற்பது சிறுதேர்ப் பருவம். செங்கீரை ஆடி, சப்பாணி கொட்டி வளர்ந்த குழந்தை ஈற்றில் ஒரு சிறிய தேரை உருட்டி வருவதைக் கண்டு மகிழ்வதோடு நூல் நிறைவெய்துகிறது. பெரியதொன்றைச் சிறிதாக்கிக் கையில் வைத்துப் பார்க்கும் ஆசை நமக்குப் புதிதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுவர்க்கோ பனையே தச்சன். நுங்கு குடித்த கோம்பைகள் இரண்டை ஒரு தடியாற் கோத்து, கவர்த்தடியினால் தள்ளிக்கொண்டு ஒழுங்கையெங்கும் ஓடாதவர் எம் தலைமுறையிற் சிலரே.

அந்தச் சிறுதேர் இக்காலத்திற் பெட்டியில் அடைபட்டுக் கடல் கடந்தும் வருகிறது. சென்ற மாரியில், உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் எம் தமக்கையாரின் மகன் அத்தகைய பெட்டி ஒன்றுடன் வீட்டிற்கு வந்தான். ரொறன்ரோவில் வாழும் அவனுடைய சித்தப்பா அனுப்பியதாம். 1969 ஆம் ஆண்டுச் செவ்ரோலே கமாரோ என்னும் அமெரிக்கக் காரின் மாதிரியுரு. உண்மைக் காரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு. திறந்து பார்த்தால் காரைக் காணோம்! கொப்பிற் காய் தொங்குவதுபோலச் சட்டங்களில் ஒட்டிநின்ற ஏறக்குறைய நூறு பிளாஸ்ரிக் துண்டுகளும் ஒரு விளக்கப் புத்தகமுமே இருந்தன.

"மாமா, இது விளையாட்டுச் சாமான் இல்லை. வாசிச்சு வாசிச்சுச் செய்யவேணும்" என்றான் மருமகன்.

மல்லர் போன்ற கார்கள்

1964 ஆம் ஆண்டுக்கென அமெரிக்காவின் பொன்ரியாக் நிறுவனத்தார், நடுத்தர உடலமைந்த தம் கார் ஒன்றினுள் பெரிய காருக்குரிய 6.4 லீற்றர் வீ-8 எஞ்சினைப் பொருத்தி, ஜீ.ரீ.ஓ. என்ற பெயரில் விற்கத் தொடங்கினர். இளைஞர் விரும்பி வாங்கினர். ஏனைய நிறுவனங்களும் அவ்வழியிற் சென்றன. இவற்றையே அந்நாட்டார் 'மஸில் கார்' என்பர். மல்லனின் புயவலிமை கொண்ட கார் என்பது கருத்து. ஆயின் அவ்வாழ்வு நெடிது நிலைக்கவில்லை. காப்புறுதிக் கட்டணம் ஏறிற்று. 1970 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் புகைக் கட்டுப்பாடு இறுகிற்று. 1973 இல் எண்ணெய்த் தட்டுப்பாடும் வந்து சேர்ந்தது. மல்லர்கள் அரங்கை விட்டு அகன்றனர்.

மாதிரியுருக்களின் கதை அதற்கு முந்தியது. புதிய காரின் தோற்றத்தையும் நிறத்தையும் காட்டுதற்காக அமெரிக்க விற்பனையாளர் சிறிய பிளாஸ்ரிக் கார்களை வைத்திருந்தனர். அவற்றைச் செய்துவந்த ஏ.எம்.ரி. என்னும் நிறுவனம், 1958 இல் அவற்றைத் துண்டுகளாகப் பெட்டியிலிட்டுச் சிறுவர் தாமே பொருத்துமாறு விற்றது. உண்மைக் கார்களிற் பல துருப்பிடித்து ஒழிந்தன. பெட்டிகளோ இன்றும் விற்பனையாகின்றன.

பொறுமைப் பாடம்

இனி, செய்முறையைக் கூறுவோம். முதலிற் சட்டங்களைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தல் வேண்டும். அச்சிலிருந்து கழற்றும்போது படிந்த எண்ணெய்ப்பசை இருந்தால் நிறம் ஒட்டாது. துண்டுகளைக் கையால் முறிக்காது வெட்டுக்குறட்டால் வெட்டி, அரத்தாளாற் தேய்த்து, பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்த பின்னரே ஒட்டலாம். இதற்குரிய பசை நம் வீட்டுக் கோதுமைமாப் பசை போன்றதன்று. அது பிளாஸ்ரிக்கையே இளக்கி இரு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடுவது. ஆதலால் தவறினால் தவறியதே.

நாம் தவறினோம். பசை படிந்த விரலால் முன்கண்ணாடியைத் தொட்டதனால் எமது கைரேகை அதில் அழியாது பதிந்துவிட்டது. அடைமழை நாளொன்றில் நிறம் தெளித்தோம். காற்றின் ஈரம் படிந்து, சிவப்பின்மேற் பால் தெளித்தாற்போல வெண்மை படர்ந்தது. தேய்த்தெடுத்து, வெயிலுக்காக ஐந்து நாள் காத்திருந்தோம். வகுப்பறையில் இருபது ஆண்டுகளாகப் பொறுமையைப் போதித்துவந்த எமக்கு, பொறுமையைக் கற்பித்தது இந்தப் பெட்டியே.

அங்குலமும் மில்லிமீற்றரும்

இவ்வேலையிடையே மருமகன் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தான். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், அதனை 25 ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். ஆகவே, உண்மைக் காரில் எத்தனை அங்குலமோ மாதிரியில் ஏறத்தாழ அத்தனை மில்லிமீற்றர்! 186 அங்குல நீளமான கமாரோ எம் மேசையில் 189 மில்லிமீற்றராக நின்றது. பாடநூலில் அளவிடைப் படத்தைக் கண்டு கொட்டாவி விடும் மாணவர்க்கு இதனினும் நல்ல விளக்கம் உண்டோ?

அளவில் ஒரு சிறு மாற்றம் உருவத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு, நம் தெருக்களிலும் ஓடிய மொறிஸ் மைனரே சான்று. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், தயாரிப்புத் தொடங்கவிருந்த வேளையில், கார் மிக ஒடுங்கியிருப்பதாகக் கருதினார். ஒரு காரை நெடுக்காக இரு பாதியாக வெட்டுவித்து, பாதிகளை மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்தார். 4 அங்குலம் விலகியபோது கண்ணுக்கு நிறைவு பிறந்தது. அவ்வகலத்துடனேயே 1948 இல் மொறிஸ் மைனர் வெளிவந்தது. அந்த 4 அங்குலம் மாதிரியில் 4 மில்லிமீற்றர். ஒரு பயற்றம் மணியளவு!

எங்கள் ஏ-40

இக்கதையைக் கேட்ட மருமகன், "அப்பப்ப தாத்தாவின்ரை காரைப் பற்றிச் சொல்லுவியளே மாமா, அதையும் இப்பிடிச் செய்யேலாதோ?" என்றான்.

காலஞ்சென்ற எம் தந்தையாரிடம் ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற் கார் ஒன்று இருந்தது. 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் உற்பத்தியான வகை. 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சின். மல்லனென்று எவரும் கூறார். ஆயின் 1990 இன் பின், பெற்றோல் யாழ்ப்பாணத்திற்கு வரத் தடையாயிருந்த ஆண்டுகளில், காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் அதனை ஓட்டினார் தந்தையார். நெருக்கல் விகிதம் குறைந்த பழைய எஞ்சின் ஆதலால், புகைத்தும் இருமியும் அது ஓடிற்று. உயர்தரப் பெற்றோலையே வேண்டிநின்ற அமெரிக்க மல்லர்களுட் பல அவ்விடத்தில் இடறியிருக்கும்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, பாட்டியாரையும் இரு அயல்வீட்டு முதியோரையும் ஏற்றிக்கொண்டு, சனத்திரளினூடே அது நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தது. பதினைந்து வயதினராகிய நாம் அதன் பின்னே நடந்தோம். சாவகச்சேரிப் பக்கத்துப் பனங்காணி ஒன்றில் அச்சு முறிந்து நின்றதை, மறு ஆண்டு திரும்பியபோது கொண்டுவர இயலவில்லை. 2000 ஆம் ஆண்டுப் போரின் பின் அதன் சுவடும் கிடைக்கவில்லை.

எஞ்சியது பக்கவாட்டிற் பிடித்த ஒரு புகைப்படம். அதுவே போதுமாயிற்று. முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை உண்மைக் காரில் 92½ அங்குலம்; படத்தில் அளந்தபோது 37 மில்லிமீற்றர். எனவே படத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றரும் காரில் 2½ அங்குலம். மாதிரியில் 2½ மில்லிமீற்றர். கூரையின் உயரம், கதவின் அகலம் யாவும் இக்கணக்கிற்குள் அடங்கின. வேலியில் நின்ற முள்முருக்கிலிருந்து வெட்டி உலர்த்திய கட்டை உடலாயிற்று. பால்மாப் பேணியின் தகடு பம்பராயிற்று. மூக்கின்மேற் சிறகு விரித்த 'ஏ' எழுத்தை ஊசிமுனையால் மருமகனே செதுக்கினான்.

செய்து முடித்து எம் அன்னையாரிடம் காட்டினோம். கண்ணாடியை அணிந்துகொண்டு நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் பேரனிடம், "பின் பம்பரிலை ஒரு நெளிவு இருந்ததெல்லே, மோனை? நாவற்குழியிலை இடிபட்டது. அதை விட்டிட்டியள்" என்றார்.

பக்கவாட்டுப் படத்தில் அந்த நெளிவு தெரியவில்லை, நாமும் மறந்திருந்தோம். மருமகன் குறட்டை எடுத்து, அவர் விரலாற் காட்டிய இடத்தில் தகட்டை மெல்ல நெளித்தான். அன்னையார் தலையசைத்தார். இப்பொழுது கமாரோவும் ஏ-40 உம் ஒரே தட்டில் அருகருகே நிற்கின்றன.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஊரிற் பழைய ஒஸ்ரினோ மொறிஸோ ஒரு கொட்டிலில் நிற்கக்கூடும். உரியவரின் அனுமதி பெற்று, அளவுநாடாவுடன் செல்லுங்கள். நீளம், அகலம், உயரம் குறியுங்கள்; நான்கு பக்கமும் நேர்நின்று படம் பிடியுங்கள். நெளிவுகளையும் தவறாது குறித்து, அவை எங்ஙனம் நேர்ந்தன என்று வீட்டு முதியோரிடம் கேளுங்கள். அதற்குரிய விளக்கப் புத்தகம் எந்தப் பெட்டியிலும் வருவதில்லை.