உறைந்து காத்திருந்த துர்கா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் நேயர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. தாயின் வயிற்றுக்குள் போவதற்கு முன் ஒரு கரு உறைந்தபடியே காத்திருக்க முடியுமா?

முடியும். 1978-லேயே நம் நாட்டில் அது நடந்துவிட்டது. கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி, ஆய்வகத்தில் உருவான கருவைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்தார். தொழிற்சாலையில் அதைக் கையாள்பவர்களுக்குத் தெரியும், மேலே பட்டால் தோலே வெந்துபோகிற குளிர் அது! 53 நாள் அந்தக் குளிரில் இருந்த கருவை மீட்டெடுத்துத் தாயின் கருப்பையில் வைத்தார். எதற்கு இந்த இடைவெளி? முட்டை வளர ஹார்மோன் ஊசி போட்ட மாதத்தில் கருப்பை அவ்வளவு தயாராக இருக்காது. அது இயல்புக்குத் திரும்பட்டும் என்றுதான் காத்திருந்தார். துர்கா பூஜை சமயத்தில் பெண் குழந்தை பிறந்தது. பெயரும் துர்கா!

ஆனால் அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981-ல் மனமுடைந்து மறைந்தார். நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. பல வருடம் கழித்து அவருடைய குறிப்புகளைப் படித்த விஞ்ஞானி ஆனந்த் குமார், முதல் பெருமை முகர்ஜிக்கே என்று எழுதினார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் என்ற பெருமை அதுவரை யாரிடம் இருந்தது தெரியுமா? அதே ஆனந்த் குமாரிடம்தான்!