சுமக்கும் வண்டியும் சுமையாகும் வண்டியும்

பெயர்களைக் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என இருவகையாகப் பகுத்தல் நம் இலக்கண மரபு. காரணம் பற்றி வந்த பெயரொன்று, காலப்போக்கிலே அக்காரணம் தேய்ந்தொழிய, வெறும் இடுகுறியாய் நின்றுவிடுதலும் உண்டு. பெயர் மாறாதிருப்பப் பொருள் மாறிவிடும் இவ்வியல்பு சொல்லுலகுக்கு மாத்திரம் உரியதன்று. தெருவிலோடும் வண்டிகளின் வரலாற்றிலும் அதனைக் காணலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே ‘பிக்கப்’ என வழங்கும் வண்டி அதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு.

‘பிக்கப்’ என்பது, சுமையை எடுத்தேற்றிச் செல்வது என்னும் பொருள்பட நின்ற காரணப்பெயர். முன்னே சாரதி அமரும் அறை. பின்னே கூரையின்றித் திறந்து கிடக்கும் சுமைத்தட்டு. இவ்விரண்டுமே அதன் தலையாய உறுப்புக்கள். நம் நாட்டிலே சாரதியறையின் பெயர்கொண்டே இவ்வண்டியைக் ‘கெப்’ என்கின்றோம். இரு கதவுடையது ‘சிங்கிள் கெப்’. நான்கு கதவுடையது ‘டபிள் கெப்’. அமெரிக்கர் முன்னதை ‘றெகுலர் கெப்’ என்பர். பின்னதைக் ‘குறூ கெப்’ என்பர். றெகுலர் என்றால் வழமையானது என்பது பொருள். வழமையானது எனப் பெயர்பெற்ற வண்டியே இன்று அந்நாட்டில் அருமையானதாயிற்று என்பதே வியப்பு! எளிய ஒற்றையறை வண்டியை வாங்குவதா, வசதிகள் நிரம்பிய பெரிய வண்டியை வாங்குவதா என்னும் வினா, அங்குள்ள தச்சருக்கும் கமக்காரருக்கும் பல்லாண்டுச் சேமிப்பைப் பற்றிய வினாவாகும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

தொடக்க காலத்திலே கமக்காரர் தம் கார்களின் பின்புறத்தில் மரப்பெட்டிகளைத் தாமே பொருத்திக்கொண்டனர். அத்தேவையை உணர்ந்த ஹென்றி போட் என்பாரின் கம்பனி, 1925 ஆம் ஆண்டிலே, சுமைத்தட்டைத் தொழிற்சாலையிலேயே பொருத்திய ‘மொடல் ரீ’ வண்டியை விற்பனைக்கு விட்டது. விலை 281 டொலர். இயந்திரத்தின் வலு 20 குதிரைவலு. 1948 இல் அக்கம்பனி ‘எஃப்’ வரிசை வண்டிகளை வெளியிட்டது. அக்காலத்து வண்டிகளிலே இருக்கை ஒன்று. அதில் மூவர் நெருங்கி அமரலாம். இன்ப வசதிகளை அவற்றிடம் எதிர்பார்த்தார் இலர். சேறும் சாணமும் படியும் பொருளுக்குச் செம்பட்டு எதற்கு?

பின்னர் நிகழ்ந்த மாற்றத்தை இரண்டு எண்கள் தெளிவுறுத்தும். ‘எஃப்-150’ வண்டியின் முதற்றலைமுறையில் நீளத்தின் நூற்றுக்கு 36 பங்கு அறையாகவும் 64 பங்கு தட்டாகவும் இருந்தன எனவும், 2021 அளவில் அறை 63 பங்காகவும் தட்டு 37 பங்காகவும் தலைகீழாயின எனவும் அக்சியோஸ் என்னும் செய்தி நிறுவனம் 2023 இல் கணித்துக் காட்டியது. அடைமொழி வளர்ந்து பெயர்ச்சொல்லை விழுங்கிவிட்டது என்றே இதனைக் கூறல் வேண்டும்.

இதனால் வரும் பயன்வேறுபாட்டை ஓர் அளவுகோல் கொண்டு காண்போம். அமெரிக்கத் தச்சர் கையாளும் ஒட்டுப்பலகையின் வழமையான அளவு 4 அடி அகலமும் 8 அடி நீளமுமாகும். எஃப்-150 ஒற்றையறை வண்டியை 8 அடித் தட்டுடன் வாங்கினால் பலகை முழுவதும் உள்ளே கிடக்கும், பின்கதவையும் மூடிக்கொள்ளலாம். நான்கு கதவுடைய வண்டியிலே தட்டின் நீளம் பெரும்பாலும் 5½ அடி. பலகையின் 2½ அடி வெளியே நீண்டு நிற்கும். இனி, வண்டிகளின் முழு நீளத்தை நோக்குக. முன்னது ஏறத்தாழ 19 அடி. பின்னது அதனினும் சில அங்குலம் கூடியது. சிறிய தட்டுடைய வண்டியே தெருவில் அதிக இடத்தை அடைத்துக்கொள்கின்றது!

நிறையிலும் இத்தகைய நுட்பம் உண்டு. ஒவ்வொரு வண்டியும் தாங்கத்தக்க மொத்த நிறைக்கு ஓர் எல்லை வகுத்துள்ளனர். அதிலிருந்து வண்டியின் சொந்த நிறையைக் கழிக்க எஞ்சுவதே ஆட்களுக்கும் பொருள்களுக்கும் உரிய பங்கு. பின்னறை, கண்ணாடிக் கூரை, சூடேறும் இருக்கை முதலாயின யாவும் அப்பங்கிலிருந்தே கழிவன. ஒரே எல்லையுடைய இரு வண்டிகளுள் அணிகலன் மிகுந்தது குறைந்த சுமையையே ஏற்கும். அமெரிக்காவில் சாரதியின் கதவுப் புறத்தே ஒட்டப்பட்டிருக்கும் சிட்டையில், ஆட்களும் பொருள்களும் சேர்ந்து இத்தனை இறாத்தலுக்கு மேற்படலாகாது என எழுதப்பட்டிருக்கும். விளம்பரத்தைப் படிப்பவர் பலர். அச்சிட்டையைப் படிப்பவர் சிலர்.

ஆயினும், மறுதலைக் கட்சியையும் கேட்டே தீர்ப்புக் கூறல் நீதியாகும். ஒரு குடும்பம் ஒரே வண்டியை வைத்திருக்க வல்லதாயின், பகலில் தொழிலுக்கும் மாலையில் பிள்ளைகளை ஏற்றிவரவும் அது பயன்படல் வேண்டும். பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுவர் பின்னிருக்கையில் அமர்தலே பாதுகாப்பு என அந்நாட்டுத் தெருப் பாதுகாப்புத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். ஒற்றையறை வண்டியிலே பின்னிருக்கை இல்லை. விலைமிக்க கருவிகளை மழையினின்றும் கள்வரினின்றும் காத்தற்குப் பூட்டிய பின்னறை உதவும். பாரமிக்க ட்ரெயிலரை நாடோறும் இழுப்பார்க்கு வலிய இயந்திரம் வேண்டும். பனி உறையும் மலைநாட்டார்க்கு நான்கு சில்லும் இயங்குதல் வேண்டும். நாளொன்றிற் பல மணிநேரம் வண்டியோட்டும் தொழிலாளிக்கு நல்ல இருக்கை முதுகுநோவைத் தவிர்க்கும் மருந்தாகும். இவற்றையெல்லாம் ஆடம்பரமென்று தள்ளுதல் அறியாமை.

எனினும், வாங்குவோர் யாவரும் இக்காரணங்கள் பற்றியே வாங்குகின்றனரா? ஸ்ட்ராட்டஜிக் விஷன் என்னும் ஆய்வு நிறுவனத்தின் கணிப்பொன்று 2019 இல் வெளிவந்தது. பிக்கப் உடையாருள் நால்வரில் மூவர் ட்ரெயிலர் இழுப்பது ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது அதுவுமில்லை. மூவரில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் தட்டிலே சுமையேற்றுவதும் அவ்வளவே என்றது அக்கணிப்பு. ஒருநாட் பயணத்துக்காக ஆண்டு முழுவதும் யானை கட்டித் தீனி போடுதல் போலும் இது.

பருமைக்குப் பிறரும் விலை கொடுக்கின்றனர். முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள், 30 அங்குலமோ அதிற் குறைந்தோ உயர்ந்து சாய்வாயமைந்தவற்றினும் நூற்றுக்கு 45 பங்கு அதிகமாகப் பாதசாரிகளுக்கு மரணம் விளைக்கக்கூடியன என, அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனிகளின் தெருப் பாதுகாப்பு நிறுவனம் 2023 இல் அறிவித்தது. இக்குறை அறையின் எண்ணிக்கையால் வருவதன்று, உருவத்தால் வருவது. ஒற்றையறை வண்டியும் பேருருவினதாயின் இதற்கு விலக்காகாது.

எளிய சிறு வண்டிகள் அருகியமைக்கு மக்களின் விருப்பம் மாத்திரமே காரணம் என்றல் பொருந்தாது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சும் மேற்கு யேர்மனியும் அமெரிக்கக் கோழியிறைச்சிக்கு வரியை உயர்த்தின. அதற்கு எதிராக, சனாதிபதி லிண்டன் ஜோன்சன் 1964 முதல் இறக்குமதியாகும் இலகு சுமைவண்டிகளுக்கு நூற்றுக்கு 25 வீதம் வரி விதித்தார். கோழிச்சண்டையிலே பிறந்த வரி, மலிவான அயல்நாட்டுச் சிறுவண்டிகளின் வழியை அடைத்தது. மேலும், 2011 ஆம் ஆண்டு மாதிரிகள் முதல், சில்லுகளுக்கு இடைப்பட்ட பரப்புக்கேற்ப எரிபொருட் சிக்கன விதி வகுக்கப்பட்டது. பரந்த வண்டிக்கு விதி தளர்ந்தது, சிறியதற்கு இறுகிற்று. பெருவண்டியிலே உற்பத்தியாளர்க்கு இலாபமும் மிகுதி. போட் கம்பனி ‘றேஞ்சர்’ என்னும் சிறுவண்டியின் அமெரிக்க உற்பத்தியை 2011 இல் நிறுத்திற்று; 2019 இல் அது மீண்டபோது ஒற்றையறை வடிவம் அங்கு மீளவில்லை. ரொயோட்டாவின் ‘டகோமா’வும் 2015 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து ஒற்றையறையைக் கைவிட்டது.

எளிமையை நாடுவோர் முற்றும் மறைந்துவிட்டனர் அல்லர். 2021 இல் போட் அறிமுகஞ்செய்த ‘மவெரிக்’ 19,995 டொலர் என்னும் தொடக்க விலையால் பலரைக் கவர்ந்தது. பின்னர் அதன் விலை ஏறிற்று. அதற்கும் கதவு நான்கு, தட்டு 4½ அடியே. 2025 ஏப்ரலில் ‘ஸ்லேட்’ என்னும் புதுக் கம்பனி, மின்கலத்தால் இயங்கும் இரு இருக்கை வண்டியொன்றைக் காட்டிற்று. அதிலே வானொலியில்லை, வண்ணப்பூச்சில்லை, கண்ணாடியைக் கையாற் சுழற்றியே இறக்கல் வேண்டும். அரசினர் தந்த வரிச்சலுகையைச் சேர்த்து 20,000 டொலருக்குட்படும் என்றனர். அச்சலுகை அவ்வாண்டு செப்டெம்பர் 30 உடன் முடிவுற்றது.

ஆதலின், வாங்கப் புகுவோன் தன்னையே மூன்று வினா வினவுக. வழமையான நாளொன்றில் என்னுடன் அமர்வோர் எத்தனை பேர்? நான் ஏற்றும் பொருளின் நீளமும் நிறையும் எவ்வளவு? பெருவலிமை எனக்கு வேண்டும் நாட்கள் ஆண்டில் எத்தனை? பின்னிருக்கையில் நாடோறும் பிள்ளைகள் இருப்பாராயின் நான்கு கதவு வண்டியே தக்கது. கடன்பட்டு வாங்கினும் அது வீண்செலவாகாது. தனித்துத் தொழில்செய்வோனுக்குத் தட்டு நீண்ட ஒற்றையறையே போதும். வலிமை வேண்டும் சில நாளுக்கு வாடகை வண்டி உண்டு. இரு திறத்தாருக்கும் அவரவர்க்கு ஏற்றது கடையிலே இருத்தல் வேண்டும் என்பதே முடிந்த முடிபு. எளியது சந்தையினின்று நீங்குமாயின், செல்வன் இழப்பது ஒன்றுமில்லை. கைத்தொழிலாளி தனக்கு வேண்டாத இருக்கைகளுக்கு மாதந்தோறும் தவணை கட்டுவான். அப்போது வண்டி அவன் சுமையைச் சுமவாது. அவனே வண்டியைச் சுமப்பான்.