முதலாளித்துவமா, சமதர்மமா? பிளஸ்-2 பொருளியல் வகுப்பில் மாணவர்கள் கற்பது என்ன?

புது தில்லி: தனியாருக்குச் சொந்தமான எல்லாச் சொத்துகளையும், பொதுநலனுக்காகப் பங்கிட்டளிக்க வேண்டிய 'சமுதாயத்தின் பொருள் வளங்கள்' எனக் கருத இயலாது என்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 நவம்பர் 5-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அரசியல் சாசனம் நாட்டை ஒரே பொருளாதாரக் கோட்பாட்டுக்குள் கட்டிப்போடவில்லை என்பது அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பின் நிலைப்பாடாக இருந்தது.

அதே மாதம் 25-ஆம் தேதி, அரசியல் சாசன முகப்புரையில் 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 'சமதர்ம' என்ற சொல்லை எதிர்த்துத் தொடரப்பட்ட மனுக்களை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தியச் சூழலில் அச்சொல் மக்கள் நல அரசைக் குறிக்கிறது என்றும், தனியார் தொழில்முனைவை அது தடுக்கவில்லை என்றும் நீதிமன்றம் விளக்கியது.

நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் ஆராய்ந்த இந்தக் கேள்வியின் எளிய வடிவத்தை, சிபிஎஸ்இ பள்ளிகளில் பொருளியல் பயிலும் மாணவர்கள் 11-ஆம் வகுப்பிலேயே சந்திக்கின்றனர். பொருளாதார அமைப்புகள் என்ற இந்தப் பாடம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, அதில் உள்ள சிக்கல் என்ன என்பதைப் பார்ப்போம்.

மூன்று அடிப்படைக் கேள்விகள்

வளங்கள் குறைவு, தேவைகள் அதிகம் என்பதால் எந்தச் சமூகமும் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டியுள்ளது. எவற்றை, எந்த அளவில் உற்பத்தி செய்வது? எவ்வாறு உற்பத்தி செய்வது? யாருக்காக உற்பத்தி செய்வது? என்சிஇஆர்டி-யின் நுண்பொருளியல் அறிமுகப் பாடநூல் இந்தக் கேள்விகளில் இருந்துதான் தொடங்குகிறது.

இவற்றுக்கான விடையை அரசோ மைய அமைப்போ தீர்மானித்தால் அது மையத் திட்டமிடல் பொருளாதாரம். வாங்குவோரும் விற்போரும் விலையின் வழியாகத் தீர்மானித்தால் அது சந்தைப் பொருளாதாரம். நடைமுறையில் எல்லா நாடுகளும் இவ்விரண்டின் கலவையாகவே உள்ளன. கலவையின் அளவுதான் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது என்பதையும் அதே பாடநூல் குறிப்பிடுகிறது.

இரண்டு ஆண்டுகளில் பிரிந்து கிடக்கும் பாடம்

சிக்கல் இதற்குப் பிறகு தொடங்குகிறது. முதல் அத்தியாயத்தில் சில பத்திகளில் முடிந்துவிடும் இந்த ஒப்பீட்டை அடுத்து, நுகர்வோர் நடத்தை, உற்பத்திச் செலவு, நிறைவுப் போட்டி, சந்தைச் சமநிலை எனப் பாடநூல் நகர்கிறது. மாணவர்கள் பல மாதங்கள் தேவை, அளிப்பு வளைகோடுகளை வரைந்து கணக்கிடுகின்றனர். சந்தை அவர்களுக்கு இயங்கும் ஒரு பொறியாகவும், திட்டமிடல் மனப்பாடம் செய்யும் ஒரு வரையறையாகவும் பதிகின்றன.

12-ஆம் வகுப்பில் 'இந்தியப் பொருளாதார வளர்ச்சி' என்ற பகுதி வரும்போதுதான் திட்டமிடல் மீண்டும் தோன்றுகிறது. 1951-இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டம், 17 தொழில்களை அரசுக்கு மட்டுமே ஒதுக்கிய 1956-ஆம் ஆண்டு தொழிற்கொள்கைத் தீர்மானம், தனியார் ஆலைகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட உரிம முறை ஆகியவற்றைப் படிக்கும் மாணவர்கள், அடுத்து 1991-ஆம் ஆண்டுக்கு வருகின்றனர். அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் இரு வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமானதாக இருந்த நெருக்கடியில், உரிம முறை பெரும்பாலான தொழில்களுக்கு நீக்கப்பட்டது. அரசுக்கென ஒதுக்கப்பட்ட தொழில்களின் எண்ணிக்கை 17-இல் இருந்து 8-ஆகக் குறைக்கப்பட்டது.

வரையறை ஓராண்டிலும் அதற்கான சான்று மறு ஆண்டிலும் கற்பிக்கப்படுவதால், இரண்டையும் இணைக்கும் பொறுப்பு ஆசிரியரிடம் விடப்படுகிறது. அந்த இணைப்பு நிகழாவிட்டால், 1991 வரை திட்டம், அதன் பிறகு சந்தை என்ற எளிய கதையே மாணவர்களிடம் எஞ்சும்.

1991-உடன் முடியாத கதை

திட்டக்குழுவுக்குப் பதிலாக 2015 ஜனவரி 1-ஆம் தேதி நீதி ஆயோக் அமைக்கப்பட்டது உண்மை. ஆனால், 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்களில் 75 சதவீதம் பேர் வரையும், நகர மக்களில் 50 சதவீதம் பேர் வரையும் மானிய விலையில் தானியம் பெற வழிசெய்தது. 2023 ஜனவரி முதல் அந்தத் தானியம் இலவசமாக வழங்கப்படுகிறது. சுமார் 81 கோடி பேருக்கான இத்திட்டம் 2024 ஜனவரி 1 முதல் மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. 'யாருக்காக' என்ற கேள்விக்கு இங்கு விடை தருவது சந்தை விலை அன்று, அரசின் முடிவு.

ஒரு குடும்பத்தின் ஒரு நாள் செலவே இந்தக் கலவையைக் காட்டப் போதுமானது. நியாயவிலைக் கடை அரிசியை அரசு வழங்குகிறது. ரயில் கட்டணத்தை அரசு தீர்மானிக்கிறது. கைப்பேசிக் கட்டணத்தை நிறுவனங்கள் நிர்ணயிக்க, ஒழுங்காற்று ஆணையம் மேற்பார்வையிடுகிறது. 1946-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால் உற்பத்தியாளர்கள் தொடங்கிய கூட்டுறவில் இருந்து வளர்ந்த அமுல், அரசுக்கும் தனி முதலாளிக்கும் சொந்தமாகாத மூன்றாவது வகை.

வெங்காயம் தரும் பாடம்

வகுப்பறை விவாதத்துக்குப் பொருத்தமான அண்மை நிகழ்வு வெங்காய ஏற்றுமதித் தடை. உள்நாட்டில் விலை உயர்ந்ததை அடுத்து, மத்திய அரசு 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி விதித்தது. டிசம்பர் 8-ஆம் தேதி ஏற்றுமதியையே தடை செய்தது. கையிருப்பில் இருந்த வெங்காயம் கூட்டுறவு அமைப்புகள் மூலம் கிலோ 25 ரூபாய்க்கு நுகர்வோருக்கு விற்கப்பட்டது. தடையை எதிர்த்து மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதி விவசாயிகள் போராட்டம் நடத்தினர். 2024 மே 4-ஆம் தேதி நிபந்தனைகளுடன் தடை விலக்கப்பட்டது.

நகர நுகர்வோருக்குக் கிடைத்த நிம்மதி, நல்ல விலைக்காகக் காத்திருந்த விவசாயியின் இழப்பானது. அரசு தலையிடாமல் இருந்திருந்தால் சுமை குறைந்த வருவாய்க் குடும்பங்கள் மீது விழுந்திருக்கும். எந்த அமைப்பிலும் யாரோ ஒருவர் செலவை ஏற்க வேண்டியுள்ளது என்பதை வரையறைகளைக் காட்டிலும் இந்த உதாரணம் தெளிவாக உணர்த்தும்.

அண்டை நாடுகளுடன் ஒப்பீடு

இந்தியா, சீனா, பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் வளர்ச்சியை ஒப்பிடும் அத்தியாயமும் 12-ஆம் வகுப்பில் உள்ளது. இந்தியாவும் பாகிஸ்தானும் கலப்புப் பொருளாதாரம் என்ற ஒரே பெயருடன் பயணத்தைத் தொடங்கின, விளைவுகள் வேறுபட்டன. சோசலிச நாடு என்றே தன்னை அழைத்துக்கொள்ளும் சீனா, 1978 முதல் விளைநிலங்களைக் குடும்பங்களின் பொறுப்பில் சாகுபடிக்கு விட்டு, சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் அந்நிய முதலீட்டை அனுமதித்தது. ஒரு நாட்டின் பொருளாதாரத்தை அதன் பெயர்ப்பலகையைக் கொண்டு மதிப்பிட முடியாது என்பதற்கு இந்த அத்தியாயம் பாடநூலிலேயே உள்ள சான்று.

மாறும் வினாத்தாள்

2024-25 கல்வியாண்டு முதல் 11, 12-ஆம் வகுப்புத் தேர்வுகளில் திறன் அடிப்படையிலான வினாக்களின் பங்கை சிபிஎஸ்இ 40 சதவீதத்தில் இருந்து 50 சதவீதமாக உயர்த்தியுள்ளது. முதலாளித்துவத்தின் இயல்புகளைப் பட்டியலிடுமாறு கேட்பதற்குப் பதிலாக, ஒரு செய்திக்குறிப்பையோ புள்ளிவிவரத்தையோ தந்து அதைப் பகுத்தாராயக் கோரும் வினாக்களுக்கு இதனால் இடம் கூடுகிறது. பொருளியலில் ஒவ்வோர் ஆண்டும் 20 மதிப்பெண்கள் செயல்திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளதால், உள்ளூர்ச் சந்தையையோ நியாயவிலைக் கடையையோ நேரில் ஆராயும் வாய்ப்பும் மாணவர்களுக்கு உண்டு.

இங்கு ஆசிரியரின் நடுநிலை முக்கியமானது. எந்த அமைப்பு உயர்ந்தது எனத் தீர்ப்பளிப்பதைவிட, ஒவ்வொரு முடிவையும் யார் எடுக்கிறார், யார் பயனடைகிறார், யார் செலவை ஏற்கிறார் என்று கேட்கப் பழக்குவதே இப்பாடத்தின் நோக்கமாக இருக்க முடியும்.

பிளஸ்-2 முடிக்கும் மாணவர்களில் பலர் அதன் பிறகு பொருளியல் படிப்பதில்லை. ஆனால் 18 வயதில் அவர்கள் வாக்காளர்களாகின்றனர். மானியம், தனியார்மயம், ஏற்றுமதித் தடை குறித்த வாக்குறுதிகளை எடைபோட அவர்களில் பலருக்குப் பள்ளி தரும் கடைசிப் பயிற்சி இந்த வகுப்புதான்.